நாலு வயதுக்குப் படக்கதைப் புத்தகம்: குடை பிடிக்கும் யானையால் என்ன பயன்?

திருநகரில் இருந்து கேட்டிருக்கிறீர்கள். மகளுக்கு நாலு வயது. குடை பிடித்துக்கொண்டு சந்தைக்குப் போகும் யானை, பஸ் ஓட்டும் பூனை, மீசை வைத்த நிலா என்று வருகிற படக்கதைப் புத்தகங்கள் என்றால் அவளுக்கு உயிர். அதிலும் ஒரே புத்தகத்தை ராத்திரி ராத்திரி வாசிக்கச் சொல்கிறாள். உங்கள் மாமனார் ஓய்வுபெற்ற ஆசிரியர். "பக்கத்துக்கு ஒரு வரி, அதுவும் நடக்காத கதை, இதுக்கு இவ்வளவு காசா? அந்தக் காசுக்கு எழுத்துப் புத்தகம் வாங்கினா பள்ளிக்கூடத்துக்கு ஆகும்" என்கிறார். வாங்கலாமா, வாங்கினால் எப்படிப் பார்த்து வாங்குவது என்பதுதான் நீங்கள் எழுதிய கேள்வி. ஆனால் எழுதியிருக்கும் விதத்தைப் பார்த்தால் உள்ளே இன்னொன்றும் இருக்கிறது. வாசிக்கும்போது உங்களுக்கும் அது அவ்வளவு பிடித்திருக்கிறது. அந்தப் பிரியத்துக்கு ஏதாவது காரணம் உண்டா, இல்லை வெறும் செல்லமா என்று தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள். அதற்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

நான் நூலக அறிவியல் படித்தவள். மதுரையில் குழந்தைகள் பிரிவில் பல வருடங்களாக வேலை பார்க்கிறேன். விடுமுறை நாட்களில் சின்னப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுவதும், எதை எடுப்பது என்று திகைத்து நிற்கும் பெற்றோருக்குப் புத்தகம் எடுத்துக் கொடுப்பதும் என் வேலையில் பாதி. மருத்துவமோ உளவியலோ படித்தவள் இல்லை. ஆகவே ஆய்வு என்று சொல்லும் இடங்களில் படித்ததைச் சொல்கிறேன், பிள்ளைகள் என்று சொல்லும் இடங்களில் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

முதலில் உங்கள் மாமனாரின் பக்கம். அவர் சொல்வதில் பாதி சரி. படக்கதைப் புத்தகத்தை வாசித்துக் காட்டினாலே பிள்ளை எழுத்துக் கற்றுக்கொண்டுவிடும் என்று சிலர் சொல்வார்கள். அது உண்மையில்லை. கனடாவில் 2005இல் வெளியான ஓர் ஆய்வில், பெரியவர்கள் வாசித்துக் காட்டும்போது நாலைந்து வயதுப் பிள்ளைகளின் கண் எங்கே போகிறது என்று கருவி வைத்துப் பார்த்தார்கள். கிட்டத்தட்ட முழு நேரமும் படத்தின்மேல்தான் இருந்தது. எழுத்துப் பக்கம் போனது மிகக் கொஞ்சம். நம் பிள்ளைகளிடமும் இதைத்தான் பார்க்கிறேன். வரிக்குக் கீழே விரலை ஓட்டிக்கொண்டு வாசித்தால் கண் கொஞ்சம் எழுத்துப் பக்கமும் வரும், இதுவும் ஆய்வுகளில் வந்திருக்கிறது. ஆனாலும் தமிழின் 247 எழுத்துகளை, கொம்பும் காலும் சுழியும் சேர்த்து, யாராவது உட்கார்ந்து சொல்லித்தந்தால்தான் வரும். தாத்தாவே ஆசிரியராக இருக்கும் வீட்டில் அதற்குக் குறையே இல்லை. எழுத்துக்குத் தாத்தா, அதற்கென்று ஒரு நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். படக்கதைப் புத்தகம் செய்கிற வேலை வேறு.

அந்த வேலையில் ஆய்வுகள் நன்றாகவே நிறுவியிருப்பது பேச்சும் சொல்வளமும்தான். அமெரிக்காவில் வைட்ஹர்ஸ்ட் என்பவரின் குழு 1988இல் ஒரு சோதனையை வெளியிட்டது. இரண்டு வயதை ஒட்டிய பிள்ளைகளின் பெற்றோர் இரண்டு பிரிவு. இரண்டு பிரிவும் வீட்டில் படப்புத்தகம் வாசிப்பவர்கள்தான். ஒரு பிரிவுக்கு மட்டும், வாசித்துக்கொண்டே போகாமல் நடுநடுவே "இது என்ன பண்ணுது?", "அப்புறம் என்ன ஆகும்?" என்று கேட்கவும், பிள்ளை சொல்லும் அரைகுறைப் பதிலை இன்னும் இரண்டு வார்த்தை சேர்த்துத் திருப்பிச் சொல்லவும் சொல்லித்தந்தார்கள். ஒரு மாதத்தில் அந்தப் பிள்ளைகளின் பேச்சு மற்றவர்களைவிடத் தெளிவாக முன்னேறியிருந்தது. அதற்குப் பின் பல நாடுகளில் இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். எங்கும் ஒரே அளவு பலன் என்று சொல்ல முடியாது. ஆனால் மடியில் வைத்து, கேட்டுக் கேட்டு வாசித்தால் பேச்சு வளரும் என்பதில் பெரிய சந்தேகம் இல்லை.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு இதில் கூடுதலாக ஒரு லாபம் உண்டு. வீட்டில் நாம் பேசும் தமிழ் ஒன்று, பாடப்புத்தகத்தில் இருப்பது இன்னொன்று. "யானை போச்சு, மழை பெஞ்சுச்சு" என்று வளர்ந்த பிள்ளை ஒன்றாம் வகுப்பில் திடீரென்று "யானை சென்றது, மழை பெய்தது" என்பதைச் சந்திக்கிறது. ராத்திரி மடியில் படக்கதை கேட்டு வந்த பிள்ளைக்கு அந்த எழுத்துத் தமிழ் அந்நியமாகத் தெரிவதில்லை. எழுதியிருப்பதை எழுதியபடியே வாசியுங்கள். அதைப் பற்றிப் பேசும்போது நம் பேச்சில் பேசுங்கள். பிள்ளைக்குப் புரியாது என்று முழுக்கப் பேச்சுத் தமிழாக மாற்றி வாசிக்கிற பெற்றோரைப் பார்க்கிறேன். அப்படிச் செய்ய வேண்டியதில்லை. படம் இருப்பதால் பிள்ளை பொருளைப் பிடித்துக்கொள்ளும்.

இனி, நடக்காத கதைக்கு வருகிறேன். நல்ல படக்கதைப் புத்தகத்தில் எழுத்து ஒன்று சொல்லும், படம் இன்னொன்று சொல்லும். எழுத்தில் இருப்பதையே படமும் வரைந்து காட்டினால் அது படம் போட்ட கதை, அவ்வளவுதான். ஒரு பக்கத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். "பாட்டி தன்னந்தனியாகத் தூங்கினாள்" என்று ஒரே வரி. படத்தில் கட்டிலுக்கு அடியில் ஓர் ஆட்டுக்குட்டி, தலையணைக்குப் பின்னால் இரண்டு எலி, ஜன்னல் கம்பியில் ஆந்தை, பாட்டியின் சேலைத் தலைப்பைப் போர்த்திக்கொண்டு ஒரு பூனை. வாசிப்பவர் வரியை முடிப்பதற்குள் பிள்ளை "பொய், பொய்!" என்று கத்தும். எழுத்துத் தெரிந்த பெரியவருக்குத் தெரியாதது எழுத்துத் தெரியாத தனக்குத் தெரிகிறது என்ற பெருமை அந்தக் கத்தலில் இருக்கும். பெரியவர் வரியைப் பார்க்க வேண்டியிருக்கிறது, பிள்ளைக்குப் படம் முழுவதும் கிடைக்கிறது. மூலையில் இருக்கும் எலியை முதலில் கண்டுபிடிப்பது எப்போதும் பிள்ளைதான். வீட்டில் மற்ற எல்லா விஷயத்திலும் பெரியவர்களுக்குத்தான் முதலில் தெரிகிறது. இங்கே மட்டும் தலைகீழ். பிள்ளை இந்தப் புத்தகங்களோடு ஒட்டிக்கொள்வதற்கு முதல் காரணம் இதுதான் என்பது என் கருத்து.

பக்கம் திருப்புவதும் கதையின் ஒரு பகுதி. இந்தப் புத்தகங்கள் உலகம் முழுக்கப் பெரும்பாலும் 32 பக்கம். பெரிய தாளை அச்சடித்து மடித்தால் எட்டு, பதினாறு என்றுதான் பக்கம் வரும். பதினாறு பக்க ஃபாரம் இரண்டு சேர்ந்தால் 32. நம் ஊரில் செலவு குறைக்க 16, 24 பக்கங்களிலும் போடுகிறார்கள். அந்தக் கொஞ்சப் பக்கத்துக்குள், எந்த வரியில் நிறுத்தினால் பிள்ளை அடுத்த பக்கத்துக்குத் தவிக்கும் என்று கணக்குப் பார்த்துத்தான் எழுதுபவரும் வரைபவரும் வேலை செய்கிறார்கள். "யானை மெல்லக் கதவைத் திறந்தது" என்பது வலப்பக்கத்தின் அடியில் இருக்கும். உள்ளே என்ன என்பது திருப்பினால்தான். உங்கள் மகள் பக்கத்தின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு உங்கள் வாயையே பார்ப்பாள், கவனித்திருப்பீர்கள். பக்கத்துக்கு ஒரு வரிதான் இருக்கிறது என்கிறார் மாமனார். அந்த ஒரு வரியை எழுதுவதும் கஷ்டம், எங்கே வைப்பது என்று முடிவு செய்வதும் கஷ்டம்.

நடக்காததைப் பார்த்துச் சிரிக்க வேண்டுமென்றால் நடப்பது என்ன என்று தெரிந்திருக்க வேண்டும். இதை விரிவாக எழுதியவர் ருசியக் குழந்தைக் கவிஞர் கொர்னேய் சுக்கோவ்ஸ்கி. நாய் குரைக்கும், பூனை கத்தும் என்று உறுதியாகத் தெரிந்த பிறகுதான் பிள்ளை "பூனை லொள் லொள்" என்று மாற்றிச் சொல்லி விழுந்து விழுந்து சிரிக்கிறது என்பார். தெரிந்த ஒன்றைத் தலைகீழாக்கிப் பார்ப்பது தெரிந்ததை உறுதி செய்துகொள்ளும் விளையாட்டு. இதை நம் பிள்ளைகளிடம் நேராகவே பார்க்கலாம். இரண்டு வயதுப் பிள்ளைக்கு யானை குடை பிடிக்கும் படத்தைக் காட்டினால் "ஆனை" என்று சொல்லிவிட்டுச் சும்மா இருக்கும். நாலு வயதுப் பிள்ளை "ஆனைக்கு எதுக்குக் குடை? அது குளிக்கத்தான செய்யும்!" என்று சண்டைக்கு வரும். உங்கள் மகளுக்கு இப்போது இந்தக் கதைகள் பிடிப்பது அவள் வயதுக்குச் சரியான நேரத்தில் பிடிக்கிறது.

நம் வீடுகளில் இது புதிதும் இல்லை. நிலாவை மலையேறி வரச் சொல்லி, மல்லிகைப் பூ கொண்டுவரச் சொல்லித்தான் எல்லோருக்கும் சோறு ஊட்டியிருக்கிறார்கள். நம் ஊர்த் திருவிளையாடல் புராணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்: நாரைக்கு முக்தி, கரிக்குருவிக்கு உபதேசம், பன்றிக்குட்டிகளுக்குப் பால். மீனாட்சியம்மன் கோயிலுக்குப் போனால் சுவாமி சந்நிதிப் பக்கம் கல்யானையைப் பிள்ளைக்குக் காட்டாமல் யாரும் வருவதில்லை. சித்தராக வந்த சொக்கநாதர் கல்யானையைக் கரும்பு தின்ன வைத்தார் என்று பெரியவர்கள் சொல்வார்கள். பிள்ளைகளிடம் நான் இந்தக் கதையைச் சொல்லும்போது கரும்புக்கு அவ்வளவாகச் சத்தம் வராது. கரும்பைத் தின்ற யானை அப்படியே தும்பிக்கையை நீட்டிப் பாண்டியன் கழுத்து முத்துமாலையையும் இழுத்து விழுங்கியது என்னும் இடத்தில்தான் கூடமே அதிரும். ராஜாவின் மாலையைப் பிடுங்கித் தின்னும் கல்யானையைவிட வேடிக்கையான படக்கதையை யார் எழுதிவிட முடியும்? பொற்றாமரைக் குளத்துச் சுற்று மண்டபத்திலும் அழகர்கோயில் வசந்த மண்டபத்து விதானத்திலும் புராணத்தையும் ராமாயணத்தையும் காட்சி காட்சியாக வரைந்து வைத்த ஊர் இது. படம் பார்த்துக் கதை சொல்லும் பழக்கம் நம்மிடம் வேண்டிய மட்டும் இருக்கிறது. மாமனாரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். அவர் வயதுக்காரர்களில் பலர் அம்புலிமாமா படித்து வளர்ந்தவர்கள். 1947இல் தொடங்கிய பத்திரிகை. பிணத்துக்குள் இருந்துகொண்டு புதிர் போடும் வேதாளத்துக்காக அந்தப் பிள்ளைகள் மாதா மாதம் காத்துக்கொண்டிருந்தார்கள். 1970, 80களில் மதுரையில் வளர்ந்தவர்கள் என்றால் நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் கடைகளில் மலிவாகக் கிடைத்த சோவியத் படப்புத்தகங்களையும் நினைவு வைத்திருப்பார்கள். வழவழப்பான தாள், பனியில் நடக்கும் கரடி, தொப்பி போட்ட முயல். சோவியத் ஒன்றியம் 1991இல் கலைந்தபின் அந்த வரத்து நின்றுபோனது. இன்றும் என்னிடம் "அந்த மாதிரிப் புத்தகம் இருக்கா?" என்று கேட்டு வரும் தாத்தாக்கள் உண்டு, பேரனுக்கு என்று சொல்லித்தான் கேட்பார்கள்.

குடும்பத்துக்கே ஏன் பிடிக்கிறது என்பதை ஓர் அப்பத்தாவை வைத்துச் சொல்கிறேன். மேலூர்ப் பக்கத்தில் இருந்து மகன் வீட்டுக்கு வந்திருந்தவர். பேரனோடு நூலகத்துக்கு வந்தார். "அவங்களுக்குப் படிக்கத் தெரியாது மேடம், சும்மா உக்காந்திருப்பாங்க" என்று மருமகள் சொல்லிவிட்டு வேறு அலமாரிக்குப் போய்விட்டார். நான் எழுத்தே இல்லாத படக்கதைப் புத்தகம் ஒன்றை எடுத்துக் கையில் கொடுத்தேன். ஓர் ஆடு கூரைமேல் ஏறி நிற்கிறது, கீழே ஊரே கூடி அண்ணாந்து பார்க்கிறது. கொஞ்ச நேரம் புரட்டினார். அப்புறம் ஆரம்பித்தார்: "இது கொழுப்பெடுத்த ஆடுடா. ஏறத் தெரிஞ்ச கழுதைக்கு எறங்கத் தெரியல பாரு." பேரன், "ஏணி இருக்குல்ல அப்பத்தா" என்றான். "எங்க இருக்கு?" அவன் விரலை வைத்துக் காட்டினான். அப்பத்தா விடவில்லை. முந்தின பக்கத்துக்குத் திருப்பி, "அப்ப இங்கிட்டு இருந்த ஏணி அங்கிட்டு எப்படிப் போச்சு? இந்தா நிக்கிறான் பாரு கோடு போட்ட சட்டை, இவன்தான் தூக்கிட்டுப் போயிருக்கான்" என்றார். நான் அந்தப் புத்தகத்தைப் பலமுறை பிள்ளைகளுக்குக் காட்டியவள். கோடு போட்ட சட்டைக்காரனைக் கவனித்ததே இல்லை. வரைந்தவர் அவனை எல்லாப் பக்கத்திலும் ஓரமாக வைத்திருக்கிறார். ஆடு மேய்த்தவரின் கண்ணுக்கு அவன் தப்பவில்லை. அதற்குள் வேறு நாலு பிள்ளைகள் அப்பத்தாவைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள்.

வேறு எந்தப் புத்தகத்தையும் படித்தவர்தான் படிக்க முடியும். நாலு வயதுப் பிள்ளையும் எம்.ஏ. படித்த அம்மாவும் பள்ளிக்கூடம் போகாத அப்பத்தாவும் ஒரே பக்கத்தைப் பார்த்து மூன்று பேரும் மூன்று விஷயம் சொல்லக்கூடியது இந்தப் புத்தகம் ஒன்றுதான். உங்களுக்கு அது பிடித்திருக்கிறது என்றால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நல்ல படக்கதையில் வரைபவர்கள் பெரியவர்களுக்கென்றும் ஏதாவது வைத்திருப்பார்கள், அலமாரியில் சாய்ந்திருக்கும் ஒரு பழைய கல்யாண போட்டோவோ, சுவரில் தொங்கும் காலண்டரில் ஒரு தேதியோ. வாசிக்கும் பெரியவருக்கு அலுத்துப்போனால் பிள்ளைக்கு அது கிடைக்காது என்று அவர்களுக்குத் தெரியும்.

இனி உறுதியில்லாதவை. "கற்பனைத் திறனை வளர்க்கும்", "மூளை வளர்ச்சிக்கு" என்று அட்டையில் போட்டு விற்கிறார்களே, அதை நம்பிக் காசு கொடுக்காதீர்கள். வேடிக்கைப் படக்கதை கேட்ட பிள்ளைகள் பிற்காலத்தில் கற்பனை மிக்கவர்களாக ஆகிறார்கள் என்று யாரும் திடமாக நிறுவியதில்லை. சட்டை போட்ட மிருகங்கள் விஷயத்திலும் ஆய்வு முடிவுகள் கலவையானவை. 2014இல் வெளியான ஓர் ஆய்வில், மிருகங்கள் மனிதரைப் போலப் பேசி, உணர்ந்து நடப்பதாக எழுதிய கதையைக் கேட்ட சின்னப் பிள்ளைகள், அந்த மிருகங்களைப் பற்றிய உண்மைத் தகவலைக் குறைவாகக் கற்றுக்கொண்டார்கள். கனடாவில் செய்த இன்னொரு ஆய்வில், பகிர்ந்து கொடுப்பது பற்றிய கதையில் மிருகங்கள் இருந்தபோது பெரிய மாற்றம் இல்லை, மனிதப் பிள்ளைகள் இருந்தபோது கதை கேட்டவர்கள் கொஞ்சம் கூடுதலாகப் பகிர்ந்தார்கள். இதற்கு மறுபக்கமும் உண்டு: மாயாஜாலக் கதைகளில் வரும் புதுச் சொற்களைப் பிள்ளைகள் நன்றாகப் பிடித்துக்கொள்கிறார்கள் என்றும் ஆய்வு இருக்கிறது. நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது இவ்வளவுதான். யானை என்ன தின்னும், எத்தனை நேரம் தூங்கும் என்று சொல்ல உண்மையான யானைப் புத்தகம் ஒன்று தனியாக வாங்குங்கள். நல்லொழுக்கம் சொல்லித்தர யானைக்குச் சட்டை போட்டுவிட வேண்டியதில்லை. கடைசிப் பக்கத்தில் "ஆகவே குழந்தைகளே" என்று முடியும் புத்தகத்தைப் பிள்ளைகள் இரண்டாம் தடவை கேட்பதும் இல்லை.

திறந்தால் துள்ளி எழும் படங்கள், இழுத்தால் ஆடும் வால் வைத்த புத்தகங்களும் அப்படித்தான். அழகாக இருக்கும், பிள்ளை ஆசையாகப் பிடுங்கும். ஆனால் 2010இல் வந்த ஓர் ஆய்வின்படி, அந்த மாதிரிப் புத்தகத்தில் சின்னப் பிள்ளைகள் விஷயத்தைக் குறைவாகவே பிடித்துக்கொண்டார்கள். கை வால்மேல் போய்விடுகிறது. பொம்மை என்று நினைத்து வாங்கினால் சரி. ஒரு மாதத்தில் வால் கையோடு வந்துவிடும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே புத்தகத்தைத் திரும்பத் திரும்பக் கேட்பது பற்றிக் கவலையே வேண்டாம். இங்கிலாந்தில் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் மூன்று வயதுப் பிள்ளைகளை வைத்து ஒரு சோதனை செய்து 2011இல் வெளியிட்டார்கள். ஒரு பிரிவுக்கு ஒரே கதையைத் திரும்பத் திரும்ப வாசித்தார்கள், இன்னொரு பிரிவுக்கு வேறு வேறு கதைகள். இரண்டிலும் அதே புதுச் சொற்கள் அதே எண்ணிக்கையில் வந்தன. ஒரே கதையைக் கேட்டவர்கள்தான் சொற்களை நன்றாக நினைவு வைத்திருந்தார்கள். முதல் தடவை பிள்ளை கதையைத் துரத்துகிறது. அடுத்து என்ன என்று தெரிந்த பிறகுதான் சொல்லையும் படத்தின் ஓரங்களையும் கவனிக்க அதற்கு நேரம் கிடைக்கிறது. நீங்கள் ஒரு வரியை விட்டுவிட்டால் உடனே பிடிப்பாளே, அந்த அளவுக்கு மனப்பாடம் ஆகிவிட்டதென்றால் அவளையே உங்களுக்கு வாசிக்கச் சொல்லுங்கள். வரி மாறினாலும் திருத்தாதீர்கள்.

வாங்கும் விஷயம். கடையில் நின்று முதலில் உரக்க வாசித்துப் பாருங்கள், கூச்சப்படாமல். தமிழில் வரும் படக்கதைகளில் பல வேறு மொழிகளில் இருந்து மாற்றியவை. சில அருமையாக இருக்கும். சிலவற்றில் வாக்கியம் வாய்க்குள் சிக்கும். நாலு வயதுப் பிள்ளைக்கு "அவன் தன்னுடைய மகிழ்ச்சியை வெளிப்படுத்தினான்" என்று எழுதி வைத்திருப்பார்கள். அதையே "குதித்துக் குதித்து ஓடினான்" என்று எழுதத் தெரிந்தவரின் புத்தகத்தை எடுங்கள். தொபுக்கடீர், கிடுகிடு, சலசல, மொறுமொறு என்று சத்தம் இருந்தால் இன்னும் நல்லது, தமிழில் அதற்குப் பஞ்சமே இல்லை. அடுத்து, எழுத்தைக் கையால் மறைத்துக்கொண்டு படத்தை மட்டும் புரட்டுங்கள். கதை பாதியாவது தெரிய வேண்டும், எழுத்தில் இல்லாத ஏதாவது ஒன்று படத்தில் அகப்பட வேண்டும். அகப்படவில்லை என்றால் வைத்துவிடலாம். எழுத்து வெள்ளைப் பரப்பில் பெரிதாக, இடைவெளி விட்டு இருக்கட்டும். இருட்டான படத்தின்மேல் அச்சடித்த தமிழ் எழுத்தில் புள்ளியும் சுழியும் மறைந்துபோகும். பளபளக்கும் ஆர்ட் பேப்பர் கடையில் கண்ணைப் பறிக்கும், வீட்டில் ட்யூப்லைட் வெளிச்சத்தில் பாதிப் படம் மின்னி மறையும். மங்கலான, கெட்டியான தாள் நல்லது. நடுவில் பின் அடித்த புத்தகம் நன்றாக விரியும், ஆனால் பின் முனை வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். கெட்டி அட்டையில் வரும் போர்டு புக் ஒன்றரை வயதுக்குத்தான் தேவை. நாலு வயதுக்கு அந்தக் காசை இன்னொரு புத்தகத்தில் போடலாம்.

எங்கே வாங்குவது என்றால், வாங்குவதற்கு முன் எடுத்துப் பாருங்கள் என்பேன். புது நத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்கென்று தனிப்பிரிவு இருக்கிறது. சிம்மக்கல்லில் மாவட்ட மைய நூலகம் இருக்கிறது. அங்கே அவளையே எடுக்கச் சொல்லி, எதைத் திரும்பத் திரும்பக் கேட்கிறாளோ அதை மட்டும் வாங்குங்கள். காசு விஷயத்தில் மாமனாருக்கும் இது ஒத்துவரும். தமுக்கத்தில் புத்தகத் திருவிழா நடக்கும்போது நேஷனல் புக் டிரஸ்ட், பாரதி புத்தகாலயம் அரங்குகளைப் பாருங்கள், விலை குறைவு. சென்னையின் தூலிகா 1996இல் இருந்து தமிழிலும், தமிழும் ஆங்கிலமும் சேர்ந்த இருமொழியிலும் படக்கதைகள் போடுகிறது. இட்லியும் மொட்டை மாடியும் தெருநாயும் வரும் படங்கள் வேண்டும் என்றால் அங்கே கிடைக்கும். தாரா புக்ஸ் கைத்தாளில் ஸ்கிரீன் பிரிண்ட் செய்த புத்தகங்களுக்குப் பேர்போனது. விலை அதிகம், பிறந்தநாளுக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். காசே வேண்டாம் என்றால் பெங்களூருவின் பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் ஏராளம், இலவசமாக இறக்கிக்கொள்ளலாம், அச்சும் எடுத்துக்கொள்ளலாம். போன் திரையில் காட்டுவதைவிட அச்செடுத்துப் பின் அடித்துக் கொடுப்பது மேல். மடியில் விரித்தால் இரண்டு பேர் விரலும் வைக்க இடம் இருக்கும். பள்ளிக்குப் போகத் தொடங்கியதும், அரசுப் பள்ளி என்றால் பள்ளிக்கல்வித் துறையின் வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் அவள் வகுப்புக்குக் கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள். நுழை, நட, ஓடு, பற என்று நாலு படிகளாகப் பிரித்திருக்கிறார்கள்.

மாமனாரிடம் வாதம் செய்ய வேண்டாம். எழுத்து இல்லாத படக்கதை ஒன்றை எடுத்துவந்து, "தாத்தா, இதுல எழுத்தே இல்ல, பாப்பாவுக்கு நீங்கதான் சொல்லணும்" என்று கையில் கொடுங்கள். வகுப்பில் நின்று கதை சொன்னவர், அவருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. எழுத்துப் பாடத்தை அதே உட்காரலில் சேர்க்காமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். "இது என்ன எழுத்து சொல்லு" என்று கதை நடுவே நிறுத்திக் கேட்க ஆரம்பித்தால் பிள்ளை புத்தகத்தை மூடிவிடும், இதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. உங்கள் மகள் நன்றாகப் பேசுகிறாள் என்பது கேள்வியிலேயே தெரிகிறது. இதைப் படிக்கும் வேறு யாருக்காவது, நாலு வயதாகியும் பிள்ளை இரண்டு மூன்று வார்த்தை சேர்த்துப் பேசவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, படத்தைக் காட்டினால் நீங்கள் காட்டும் இடத்தைப் பார்க்கவில்லை என்றால், அதற்கு மருந்து புத்தகம் இல்லை. நான் சொல்லக்கூடிய எல்லைக்கு வெளியே இருக்கிறது அது. அரசு மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவிலோ, நீங்கள் வழக்கமாகப் போகும் குழந்தை மருத்துவரிடமோ தாமதிக்காமல் காட்டி, காதையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.